நிலம் வாங்கியாச்சு, உடனே ஜேசிபி கூப்பிடாதீங்க

மண் பாக்கறதுக்கு என்னை கூப்பிடறவங்கள்ல பாதிக்கு மேல புதுசா நிலம் வாங்கினவங்கதான், ஆனா நான் போய் சேர்றதுக்குள்ள புதர் எல்லாம் அள்ளி, மேடு பள்ளம் தட்டி, நிலம் முழுக்க ஒரே லெவலா ஆக்கி வச்சிருப்பாங்க. அவங்களுக்கு அத பாக்க சந்தோஷம், எனக்கு வயிறு எரியும். ஏன்னா புதரோட சேர்த்து மேல்மண்ணையும் வழிச்சு ஓரத்துல குவிச்சிருப்பாங்க. அந்த மேல் அரை அடியிலதான் மக்கின இலைதழையும் மண்புழுவும் நுண்ணுயிரும் அதிகமா இருக்கு. ஒரு இன்ச் மேல்மண் உருவாக நூத்துக்கணக்கான வருஷம் ஆகும்ங்க.

முதல் மழை சீசன் முடியறவரைக்கும் பெரிய வேலை எதுவும் வேணாம்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். மழை பெய்யும்போதே (இடி மின்னல் இல்லாதப்ப) நிலத்த ஒரு சுத்து சுத்துங்க. தண்ணி எந்தப்பக்கம் உள்ள வருது, எங்க தேங்குது, எந்த இடத்துல மண்ண அரிச்சிட்டு வெளிய போகுது, போற தண்ணி தெளிவா இருக்கா கலங்கலா இருக்கா, இதெல்லாம் எந்த பத்திரத்துலயும் இருக்காது. 25 மி.மீ. மழை பெஞ்சா 1 ஏக்கர்ல விழறது கிட்டத்தட்ட 1 லட்சம் லிட்டர். அத்தனையும் மண்ணுக்குள்ள இறங்குமா இல்ல உங்க மண்ண தூக்கிட்டு பக்கத்து நிலத்துக்கு போகுமாங்கறது, சரிவுக்கு குறுக்க உழறீங்களா சரிவோடயே உழறீங்களாங்கறதுல நிறையவே இருக்கு. வரப்பு, குட்டை, பாதை, ஷெட் எல்லாத்துக்கும் இடம் இத பாத்த பிறகு முடிவு பண்ணுங்க, தண்ணி ஓடற வழியில ஷெட் போட்டுட்டு அப்புறம் வருஷாவருஷம் அவஸ்தைப்படறவங்கள நிறைய பாக்கறேன்.

அதுவரைக்கும் நிலம் வெறுமனே கிடக்கவும் வேணாம். இருக்கற புல்ல அப்படியே விடுங்க, ஏற்கனவே சுரண்டிட்டீங்கன்னா சணப்பு மாதிரி ஏதாவது பசுந்தாள் பயிர் (மண்ணுக்கு உரமாக்கறதுக்காகவே வளர்க்கறது) விதைச்சு பூ எடுக்கும்போது மடக்கி உழுதுடுங்க. மூடாத மண்ணுதான் மழைக்கு முதல்ல போகும்.

மண் டெஸ்ட்டுக்கு ஒரே இடத்துல ஒரு கை மண்ண அள்ளி கவர்ல போட்டு அனுப்பறாங்க, அந்த ரிசல்ட்ட வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. வளைஞ்சு வளைஞ்சு நடந்து 10, 15 இடத்துல ஆறு இன்ச் ஆழம் வரைக்கும் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்ல நல்லா கலந்து, அதுலேர்ந்து அரை கிலோ போதும். மரத்தடி, வரப்போரம், எருக்குழி பக்கம் எடுக்காதீங்க. மண்ணோட நிறமோ மேடோ மாறுச்சுன்னா அந்த பகுதிக்கு தனி சாம்பிள். கூடவே பாசனத் தண்ணியையும் கட்டாயம் டெஸ்ட் பண்ணுங்க, உப்புத் தண்ணி பாய்ச்சி பாய்ச்சி நல்ல மண்ணும் இறுகிப்போகுது, அது தெரியவே சில வருஷம் ஆகிடும்.

முதல் போகம் மொத்த நிலத்துலயும் வேணாம், பக்கத்துல நின்னு தினமும் பாத்துக்க முடியற அளவுக்கு ஒரு துண்டு மட்டும் பண்ணுங்க. எந்த துண்டுன்னு கேட்டா, மழையில தண்ணி தேங்காத, அரிக்காத அந்த இடம்தான்.