வெயில் ஒரு ஓரம், நிழல் ஒரு ஓரம்

நம் உடம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தில் வாழும் தாடி ஓணானால் அது முடியாது. காலையில் வெயில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளும், போதுமென்றதும் நிழலுக்கு நகர்ந்துவிடும். அதை வீட்டில் வளர்க்கப் பெட்டி செய்கிறோம் என்றால், நகர்ந்து தப்பிக்க ஒரு குளிர்ந்த மூலையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

வளர்ந்த ஓணானுக்கு 120 செ.மீ. நீளமாவது தேவை, அகலமும் உயரமும் 60 செ.மீ. சூடு தரும் விளக்குக்கு அடியில் 40 டிகிரி செல்சியஸ், எதிர் ஓரத்தில் 25 டிகிரி என்பது நல்ல கணக்கு. பெட்டி குட்டையானால் இரண்டு ஓரமும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். சுவர்களுக்குப் பிளைவுட்தான் என் தேர்வு. கண்ணாடியைவிட அது சூட்டைப் பிடித்துவைக்கும். குளிர்ந்த பக்கம் தாழ்வாகவும் சூடான பக்கம் உயரமாகவும் துளைகள் விட்டால், சூடான காற்று மேலே எழுந்து வெளியேற, கீழே புதுக் காற்று தானாக உள்ளே வரும்.

அப்புறம் பூச்சு. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பூசாத பிளைவுட் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். நீர் கலந்த வகைப் பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று நான்கு முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பூச்சு முழுதாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே தங்கிய கரைப்பான் நாள்கணக்கில் கசியும், விளக்குச் சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் ஒன்றிரண்டு வாரம் பெட்டியைத் திறந்தே வையுங்கள். பிறகு விளக்கை எரியவிட்டு, கதவை மூடி, சில மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள். துளி வாடை வந்தாலும் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும். மூட்டுகளில் தடவும் சிலிக்கோனில் வரும் வினிகர் நெடி அசிட்டிக் அமிலம். அதுவும் முழுதாகப் போகட்டும்.

வெயிலில் இருக்கும் புற ஊதா-பி கதிரைத் தரும் தனி விளக்கைப் பெட்டிக்கு உள்ளேயே மாட்டுங்கள். தோலில் வைட்டமின் டி3 உருவாக 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர் வேண்டும்; சாதாரணக் கண்ணாடி அதை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் சேராது, எலும்பு மெலியும். விளக்கு பளிச்சென்று எரியும்போதே அந்தக் கதிர் குறைந்துபோயிருக்கலாம் என்பதால், தயாரிப்பாளர் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள்.

சூட்டு விளக்குக்குக் கம்பிவலையும், சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட்டும் போட்டு, இரண்டு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டு அளந்த பிறகே ஓணானை விடுங்கள். அது நாள் முழுக்க விளக்கடியிலேயே கிடந்தால் சூடு போதவில்லை. குளிர்ந்த மூலையை விட்டு வராமலே இருந்தால், பெட்டி முழுக்கச் சூடு மிஞ்சியிருக்கலாம்; முதலில் அங்கே வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.