பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு ஃபைப்ரோஸ்கேனா?

கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனையின் எண்ணைப் பார்த்துப் பயந்து வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். நாற்பது வயதைத் தாண்டியவர். நாற்காலியில் உட்காரும் முன்பே, "சிரோசிஸா டாக்டர்?" என்றார். கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப் போவதைத்தான் கேட்கிறார். வேறோர் இடத்தில் எடுத்த ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையில் 8.9 கிலோபாஸ்கல் என்றும், கீழே 'எஃப் 2' என்றும் இருந்தது. கூடவே, வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'. "இரண்டு இடத்திலும் இரண்டு என்றுதானே வந்திருக்கிறது, அப்படியென்றால் உறுதிதானே?"

இல்லை ஐயா, இல்லவே இல்லை! அந்த இரண்டுக்கும் இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சாதாரண ஸ்கேனில் வரும் கிரேடு, கல்லீரல் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளிறித் தெரிகிறது என்று எங்கள் கண் போடும் மதிப்பெண். கருவியின் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே படம் வெளுத்துவிடும். அது கொழுப்பைப் பற்றிய ஊகம். 'எஃப்' என்பது கல்லீரலில் விழுந்த தழும்பின் நிலை. கொழுப்பு நிறைய இருந்தும் தழும்பே இல்லாதவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஃபைப்ரோஸ்கேனிலும் இரண்டு எண்கள் வரும். கிலோபாஸ்கலில் வருவது விறைப்பு. விலாவுக்கு இடையில் தட்டும் அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதிலிருந்து கணக்கிடுவது. டெசிபலில் வருவதுதான் கொழுப்பு. ஒன்றை மற்றொன்றாக வாசித்துப் பயப்படாதீர்கள்.

காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள் என்று கேட்டேன். வெண்பொங்கல், இரண்டு வடை, காபி. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், விறைப்பு எண்ணும் ஏறும். வெறும் வயிற்றில் வரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அறிக்கையின் மூலையில் ஐ.க்யூ.ஆர்., அதாவது அளவுகளின் சிதறல், 41 சதவீதம். எடுத்த பத்து அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கருவியே சொல்கிறது. 30-ஐத் தாண்டினால் நாங்கள் நம்புவதில்லை. (அதை அப்படியே அச்சடித்துக் கொடுத்த சகாக்களே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும்.) மறுவாரம் வெறும் வயிற்றில் எடுத்தோம். 6.2 வந்தது.

குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போங்கள். மஞ்சள் காமாலை இருந்தாலோ, இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சையில் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். தழும்பு இல்லாமலே எண் எகிறும். உடல் பருத்தவர்கள் பெரிய புரோப் (உடலில் வைத்து அளக்கும் முனை) இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

எண் குறைவாக வந்ததைக் கொண்டாடக் குடிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கருவி பார்ப்பது கட்டை விரல் அளவுத் திசுவை. கட்டி இருக்கிறதா என்று அது தேடுவதில்லை. அதற்கு அந்தப் பழைய வயிற்று ஸ்கேன்தான் வேண்டும்.

தயவுசெய்து எண்ணை மட்டும் படம் எடுத்து இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முழு அறிக்கையையும் கையில் எடுத்து வாருங்கள். அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பேன்.