கொலஸ்ட்ரோல் குளிசையும் கால் உளைவும்

களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, எந்தக் கிளினிக் வரிசையில இருந்தாலும் இந்தக் கதை காதுல விழும்: "அந்தக் கொலஸ்ட்ரோல் குளிசையப் போட்டா கால் உளையுதுகா, நான் விட்டுட்டன்." இதக் கேட்டுட்டு வீட்ட போய் அதே குளிசையப் போடுற ஆளுக்கும் ரெண்டு மூணு நாள்ல கால் உளையத் தொடங்கிரும். அந்த உளைவு பொய்யில்ல, நடிப்புமில்ல. ஆனா அது மருந்தாலதான் வருதா?

லண்டன் இம்பீரியல் கொலேஜ் ஆக்கள் இத அருமையாப் பரிசோதிச்சாங்க, 2020ல முடிவு வந்தது. ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரோலக் குறைக்கிற குளிசை வகை) ஒத்துவரல்ல என்டு விட்ட 60 பேருக்கு, மாசம் ஒன்டு என்டு ஆளுக்கு 12 போத்தல். நாலுல அட்டோர்வஸ்டாட்டின் என்ட உண்மையான ஸ்டாட்டின், நாலுல மருந்தில்லாத வெறும் குளிசை, மத்த நாலும் காலிப் போத்தல். குளிசை இருக்கிற மாசத்துல எது மருந்து எது வெறும் குளிசை என்டு போடுறவருக்கும் தெரியா, குடுக்கிறவருக்கும் தெரியா. தினமும் உடம்புக் கரைச்சலுக்கு 100க்குள்ள ஒரு புள்ளி போடணும். குளிசை இல்லாத மாசங்கள்ல சராசரி 8, வெறும் குளிசைக்கு 15.4, மருந்துக்கு 16.3. அதாவது கூடின கரைச்சல்ல 90 சதவீதம் மருந்தே இல்லாமலும் வந்திருக்கு!

இதுக்குப் பேர் நொசீபோ. நோகும் என்டு மூளை எதிர்பார்த்தாலே உடம்புல கொலிசிஸ்டோகைனின் என்ட பொருள் வேலை செஞ்சு நோவக் கூட்டுது. இத்தாலியில பெனடெட்டி என்ட ஆய்வாளர்ட குழு அந்தப் பொருளத் தடுக்கிற மருந்தக் குடுத்துப் பார்த்தப்ப, எதிர்பார்ப்பால வாற நோவு கூடல்ல. அதோட, வயலுக்கும் கடலுக்கும் போய் வாற அறுபது வயசுக் காலுல எப்பவும் ஒரு உளைவு இருக்கும்தானே, குளிசை தொடங்கின பொறகு அதெல்லாம் குளிசைக் கணக்குல சேர்ந்துரும்.

எல்லாருக்கும் ஒரே அளவுல வராது. எதுக்கும் பதட்டப்படுறவங்க, கெட்டதுதான் நடக்கும் என்டு நினைக்கிறவங்க, உடம்புல சின்ன மாத்தத்தையும் உத்துக் கவனிக்கிறவங்க, முந்தி வேற மருந்தால கஷ்டப்பட்டவங்களுக்குக் கூடுதலா வரும். அதுக்காக அவங்கள "மனப்பிரமை" என்டு தட்டிவிடுறது பெரிய அநியாயம், நோவுறது அவங்கட உடம்புதான்.

ஆய்வு முடிஞ்சு அவங்கவங்கட புள்ளியக் காட்டின பொறகு பாதிப்பேர், 30 பேர், திரும்ப ஸ்டாட்டின் தொடங்கினாங்க. அதனால கரைச்சல் வந்தா நீங்களா நிப்பாட்டாம டொக்டர்கிட்டச் சொல்லுங்க. ஸ்டாட்டினால தசை உண்மையாவே பழுதாகிறதும் அரிதா இருக்கு, தசை கடுமையா நொந்து சிறுநீர் கறுத்துப் போனா கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிராம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்.