பஸ் நோட்டீஸ் முதல் ரீல்ஸ் வரை: பொய் விளம்பரத்தை யாரிடம் சொல்வது?

உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில், முன் சீட்டின் முதுகில் ஒரு மஞ்சள் நோட்டீஸ். ‘சர்க்கரை நோய் ஒரு மண்டலத்தில் அடியோடு குணம். மாத்திரை தேவையில்லை.’ கீழே ஒரு செல் நம்பர். இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இப்படி விளம்பரம் செய்வதே குற்றம். சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம், கண்புரை, சிறுநீரகக் கல் என்று ஒரு பட்டியலே 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இவற்றைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் கூடாது. நோட்டீஸ், லேபிள் மட்டுமல்ல, வாயால் சொல்வதும் விளம்பரம்தான். மாட்டுத்தாவணியில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தாலும் இதே சட்டம். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

மற்றபடி இடத்துக்கு இடம் விதி வேறு. டி.வி.யில் மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. எஃப்.எம். நிலையங்களுக்கு அகில இந்திய வானொலியின் விளம்பர நெறிகள். ரோட்டோர பேனருக்கு மாநகராட்சி அனுமதி. தேர்தல் போஸ்டரில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ரீல்ஸில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

சரி, விளம்பரம் எதில் வந்தாலும் பொய் பொய்தானே? அதற்குத்தான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பொய் விளம்பரத்தில் முகம் காட்டும் நடிகருக்கும் அபராதம் உண்டு. 2022-இல் வந்த வழிகாட்டுதல் எனக்கு மிகவும் பிடித்தது: ‘இலவசம்’ என்று தமிழில் போட்டால் நிபந்தனையும் தமிழிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் புகாருக்காக டெல்லி போக வேண்டாம். கலெக்டரிடமே கொடுக்கலாம் என்று அந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அவர் விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோடு போங்கள். போக முடியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்யலாம்.

நோட்டீஸைக் கோபத்தில் கிழித்து எறிந்துவிடாதீர்கள். செல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். தேதி, பஸ் தடம் எழுதுங்கள். மருந்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பாட்டிலையும் பில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மனுவோடு பில்லின் நகலை மட்டும் இணையுங்கள்.