ஓட்டு சரிதான், கூட்டிப் பார்த்தவர் கணக்குதான் தப்பு

போன வாரம் திருத்தத்துக்கு வந்த ஒரு பொது அறிவுப் புத்தகத்தில் பெட்டிச் செய்தி: 'வேல்ஸில் 1868லேயே கள்ள ஓட்டு! மெர்தர் டிட்வில் தொகுதியில் மொத்த வாக்காளர்கள் 14,577 பேர். விழுந்த ஓட்டு 24,898!!!' ஆச்சரியக்குறிகள் ஆசிரியருடையவை. சிவப்புப் பேனாவை எடுத்தேன், கீழே வைத்துவிட்டேன். தரவு சரிபார்ப்பது என் பிழைப்பு. இதே மெர்தர், இதே கண்டுபிடிப்பு, இந்த ஒரு வருடத்தில் மூன்றாவது தடவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத இனி என்னால் ஆகாது.

எண்கள் சரி. கூட்டலும் சரி. ஹென்றி ரிச்சர்ட் 11,683, ரிச்சர்ட் ஃபோதர்கில் 7,439, ஹென்றி ஆஸ்டின் புரூஸ் 5,776. முடிவுதான் அபாண்டம். அந்தத் தேர்தலில் மெர்தருக்கு இரண்டு உறுப்பினர்கள். அதனால் ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இன்னொரு தடவை சொல்கிறேன்: ஒரு ஆள், இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. இரண்டு பேருக்கு ஒவ்வொன்று போடலாம். இல்லையென்றால் பிடித்தவருக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதைப் போடாமலே வீட்டுக்குப் போகலாம். அதிகம் வாங்கிய முதல் இருவர் நாடாளுமன்றம் போவார்கள். ரிச்சர்டும் ஃபோதர்கில்லும் போனார்கள். 1852 முதல் உறுப்பினராக இருந்த புரூஸ் தோற்றார். மூவருமே லிபரல் கட்சிக்காரர்கள் என்பது வேறு விஷயம். ஆக, 14,577 பேர் கையில் இருந்தது 29,154 ஓட்டு. அதில் 24,898 விழுந்தது. கள்ள ஓட்டு எங்கே வந்தது?

அந்தத் தேர்தலில் அதிர்ச்சிதான் வேண்டுமென்றால் அசல் சரக்கே இருக்கிறது. ரகசிய வாக்குச்சீட்டு 1872 சட்டத்தில்தான் வந்தது. 1868ல் யாருக்கு ஓட்டு என்பதை ஊரறியச் சொல்லித்தான் பதிவு செய்ய வேண்டும். நிலக்கிழாருக்குப் பிடிக்காதவருக்கு ஓட்டுப் போட்ட குத்தகைதாரர்கள் வேல்ஸின் சில பகுதிகளில் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அதை நாடாளுமன்றத்தில் எழுப்பியவர் இதே ஹென்றி ரிச்சர்ட். அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது இடம் திடீரென்று முளைத்ததல்ல. 1832 சீர்திருத்தச் சட்டம் மெர்தருக்கு ஓர் உறுப்பினரைத்தான் கொடுத்தது. டௌலைஸ் இரும்பாலை முதலாளி ஜோசையா ஜான் கெஸ்ட் அன்றிலிருந்து 1852ல் சாகும்வரை அவர்தான் உறுப்பினர். 1867 சட்டம் நகரத் தொழிலாளிகளுக்கு வாக்குரிமையை விரித்தபோது 1,387 ஆக இருந்த பட்டியல் 14,577 ஆனது. கூடவே இன்னொரு இடமும் கிடைத்தது.

அடுத்து 1900. தொழிலாளர் இயக்கத்தின் கெய்ர் ஹார்டி 'நிலக்கரி முதலாளி டி. ஏ. தாமஸைத் தோற்கடித்து' வென்றார் என்று எழுதுகிறார்கள். சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர் முதலாளியைச் சாய்த்தார் என்றால் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாமஸ்தான் 8,598 ஓட்டோடு முதலிடம். ஹார்டிக்கு 5,745, இரண்டாவது இடம். தோற்றவர் தாமஸின் சக லிபரல் பிரிட்சர்ட் மோர்கன், 4,004. தாமஸுக்கும் மோர்கனுக்கும் ஆகவே ஆகாது; தாமஸ் ஆதரவாளர்களின் இரண்டாவது ஓட்டு ஹார்டிக்கு நிறையவே விழுந்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே தொகுதிக்கு ஒன்றாக உட்கார்ந்ததுதான் நிஜக் கதை. (ஹார்டி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததே மெர்தரிலிருந்து அல்ல. 1892ல் லண்டன் பக்கம் வெஸ்ட் ஹாம் தெற்கிலிருந்து.)

சதவீதப் பிரியர்கள் இங்கே இன்னொரு குழியில் விழுகிறார்கள். மொத்த ஓட்டு 18,347, அதில் 5,745 என்றால் 31 சதவீதம். 'மூன்றில் ஒருவர்கூட ஹார்டியை ஆதரிக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அது ஓட்டுகளின் சதவீதம், ஆட்களின் சதவீதம் அல்ல. வந்த எல்லோரும் இரண்டு ஓட்டையும் போட்டிருந்தால் வந்தவர்கள் சுமார் 9,174 பேர். அப்போது பத்தில் ஆறு பேர் ஹார்டிக்குப் போட்டதாக ஆகும். ஒற்றை ஓட்டுப் போட்டவர்கள் கூடக் கூட அந்த விகிதம் இறங்கும். அந்த ஒற்றை ஓட்டுக்கு ஆங்கிலத்தில் 'பிளம்பர்' (plumper) என்று பெயர்; குழாய் ரிப்பேர்காரர் plumber வேறு. ஒரு மொழிபெயர்ப்பில் ஹார்டிக்குக் குழாய் ரிப்பேர்காரர்கள் அணி திரண்டு ஓட்டுப் போட்டிருந்தார்கள். சத்தியமாக.

உறுப்பினர் பட்டியலை அப்படியே வெட்டி ஒட்டுவது மூன்றாவது வியாதி. ஹார்டி 1915 செப்டம்பரில் இறந்தார். நவம்பர் இடைத்தேர்தலில் போரை ஆதரித்த சார்ல்ஸ் ஸ்டான்டன், அதிகாரபூர்வ லேபர் வேட்பாளர் ஜேம்ஸ் வின்ஸ்டனை 4,000க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1918ல் உறுப்பினர் எட்கர் ஜோன்ஸ். உடனே 'ஸ்டான்டனை எட்கர் ஜோன்ஸ் வீழ்த்தினார்' என்று ஒரு வரி. இருவரும் மோதவே இல்லை! ஜோன்ஸ் 1910 முதலே அதே தொகுதியின் இன்னொரு உறுப்பினர், பக்கத்து இருக்கைக்காரர். 1918ல் இரட்டைத் தொகுதி ஒழிந்து மெர்தர், அபர்டேர் என்று இரண்டாகப் பிரிந்தது. ஸ்டான்டன் அபர்டேரில் நின்றார், வென்றார்.

அப்புறம் பெயர் குழப்பம். 1950ல் மெர்தர் மறுபடி 'மெர்தர் டிட்வில்' ஆனது. 1970ல் லேபர் கட்சி வயதைக் காட்டி ஒதுக்கிய எஸ். ஓ. டேவிஸ் சுயேச்சையாக நின்று 7,000க்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது இந்தத் தொகுதியில்தான், ஹார்டியின் தொகுதியில் அல்ல. 1983ல் இதுவும் போய் பக்கத்து ரிம்னியோடு சேர்ந்தது. 2024ல் ரிம்னி பிரிந்து, அபர்டேர் 106 வருடம் கழித்துத் திரும்பி வந்தது.

ஆகவே, தயவுசெய்து. முதலில் உறுப்பினர் எத்தனை பேர் என்று பாருங்கள், அதற்கு முன் கால்குலேட்டரைத் தொடாதீர்கள். 1950க்கு முந்தைய பிரிட்டன் என்றால் கட்டாயம் பாருங்கள். நம்மூரில் 1952, 1957 தேர்தல்களிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் உண்டு, அங்கேயும் இதே கூத்து நடக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தால் தொகுதியும் ஒன்று என்று நினைக்காதீர்கள். எல்லை எந்த வருடம் மாறியது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'டிட்ஃபில்' என்று எழுதாதீர்கள், Tydfil என்பதில் உள்ள f எழுத்துக்கு வேல்ஷ் மொழியில் 'வ' ஓசை. இது சின்னக் குறைதான், ஆனால் என் கண்ணில் மணலாக உறுத்துகிறது.

இவ்வளவையும் ஆசிரியருக்குப் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ 24,898ஐ ரெண்டால வகுத்துப் போட்டுடட்டுமா மேடம்?" என்றார். வேண்டாம் தம்பி, 12,449 என்பது குறைந்தபட்சம்தான், ஒற்றை ஓட்டுக்காரர்கள் இருக்கிறார்களே என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெட்டிச் செய்தியை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். தலைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.