குத்தகைதானே என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு

சென்ற மாதம் என்னைத் தேடி வந்த பெரியவருக்கு வயது 72. இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் அவருக்கு 4 ஏக்கர் புன்செய் இருக்கிறது. பேத்தியின் கல்லூரிச் செலவுக்காக அதில் ஓர் ஏக்கரை விற்க முடிவு செய்து, விலையும் பேசி முடித்திருந்தார். வாங்க வந்தவர் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சை முறித்துக்கொண்டு போன பிறகுதான், தன் நிலத்தின்மேல் 29 ஆண்டு 11 மாதத்துக்குப் பதிவாகியிருக்கும் சோலார் குத்தகையின் கனம் அவருக்கு உறைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். அவர் கொண்டுவந்த மஞ்சப்பையில் அந்தப் பத்திரத்தின் முதல் பக்க நகல் மட்டுமே இருந்தது. மற்றப் பக்கங்கள் எங்கே என்று கேட்டதற்கு, "குத்தகைதானே வக்கீலம்மா, விக்கலையே" என்றார்.

இந்த வாக்கியத்தை இந்த ஓராண்டில் மட்டும் ஒன்பது பேரிடம் கேட்டுவிட்டேன். பத்தாவது ஆள் வருவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்ற எரிச்சலில் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் குத்தகை என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கோளாறு அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மழை பெய்தால் உழுது, அறுவடை முடிந்ததும் இத்தனை மூட்டை அளந்துவிடுவது குத்தகை. கண்மாய் மீனை ஏலம் எடுத்து, தண்ணீர் வற்றியதும் வலையைச் சுருட்டிக்கொண்டு போவது குத்தகை. கருவேலங்காட்டைக் கரிமூட்டம் போட ஒரு பருவத்துக்கு விடுவதும் குத்தகைதான். இவை எல்லாவற்றிலும் எதிராளி நமக்குத் தெரிந்தவர், காலம் குறுகியது, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு ஆளுக்கு விட்டுவிடலாம். சோலார் நிறுவனத்தின் பத்திரத்திலும் தலைப்பு அதே சொல்தான். ஆனால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105ஆம் பிரிவில் குத்தகையை, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை மற்றவருக்கு மாற்றிக்கொடுத்தல் என்று வரையறுக்கிறது. மாற்றிக்கொடுத்தல் என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். பெயர் உங்களுடையதாகவே இருக்கும், தீர்வையும் உங்கள் பெயரில்தான் வரும். ஆனால் உள்ளே கால் வைக்கும் உரிமை 30 ஆண்டுகளுக்கு வேறொருவருக்குப் போய்விடும். கையெழுத்துப் போடும்போது 68 வயதான ஒருவருக்கு அந்தக் குத்தகை முடியும்போது என்ன வயதிருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

அதோடு நிற்பதில்லை. அதே சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, குத்தகைக்கு எடுத்தவர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம், அடமானம் வைக்கலாம், உள்குத்தகைக்கும் விடலாம். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போன மேலாளரின் நிறுவனத்திடம்தான் நிலம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அது மூன்றாவது கை மாறி, ஏதோ ஒரு வங்கியின் கடனுக்கு ஈடாகவும் போயிருக்கலாம். இது மோசடி அன்று, முழுக்கச் சட்டப்படியானது. அதனால்தான் இதைப் பத்திரத்திலேயே தடுத்திருக்க வேண்டும் என்று கத்துகிறோம்.

பெரியவரின் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் எடுத்துப் படித்தபோது, பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. வாடகை, வணிக அளவில் மின் உற்பத்தி தொடங்கும் நாளில் இருந்துதான் கணக்கிடப்படும்; குத்தகைக் காலமும் அன்றுதான் ஓடத் தொடங்கும். அந்த நாள் எது என்று பத்திரத்தில் இல்லை. இத்தனை ஆண்டுக்குள் தொடங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்ற வரியும் இல்லை. நிறுவனம் விரும்பினால் 60 நாள் அறிவிப்பில் விலகலாம், நில உரிமையாளர் விலக வழியே கிடையாது. நிலத்தில் இன்றுவரை ஒரு கம்பிகூட ஊன்றப்படவில்லை, சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கிடைத்த முன்பணத்தோடு சரி. உழவும் முடியாது, விற்கவும் முடியாது. பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சார்பதிவாளர் முன்னால்தானே கையெழுத்துப் போட்டோம், அவர் படித்துப் பார்த்திருக்க மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதிக்கொடுத்தவர் நீங்கள்தானா, சம்மதித்துத்தான் எழுதிக்கொடுத்தீர்களா என்பதை உறுதிசெய்துகொள்வது அவர் வேலை. உங்களுக்கு அது நல்ல பேரமா என்று பார்ப்பது அவர் வேலையன்று. இணையத்தில் டோக்கன் போட்டு, விரல்ரேகையும் புகைப்படமும் எடுத்து, கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடும் அளவுக்குப் பதிவு இன்று எளிதாகியிருக்கிறது. பதிவு வேகமாகிவிட்டது, படிப்பது பழைய வேகத்தில்தான் நடக்கிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் பத்திர எழுத்தர் ஒருவர் உரக்கப் படித்துக்காட்டுவார், நான்கு பேர் குறுக்கே பேசுவார்கள், அதிலேயே பாதிச் சிக்கல் வெளியே வந்துவிடும். அந்தத் தாமதத்தை நான் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

இதில் தொழில்நுட்பம் ஒரு பக்கம் மட்டுமே சாய்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் அளவையாளர் செயற்கைக்கோள் படத்தோடும், துல்லியமான ஜி.பி.எஸ். கருவியோடும் வருகிறார். உங்கள் வரப்பு எங்கே வளைகிறது, துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர், வெயில் எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நில உரிமையாளரிடமோ சொந்த நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம்கூட இருப்பதில்லை. கமுதிப் பக்கம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் 2016இல் வந்ததில் இருந்து, இந்த மாவட்டத்தில் கைப்பேசியில் பட்டாவைத் திறந்து காட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் சோலார் தரகராகிவிட்டார்கள்.

பட்டா என்றதும் என் இரண்டாவது எரிச்சல். இணையத்தில் எடுத்த பட்டாவில் ஒருவர் பெயர் இருந்தால் நிலம் அவருக்கே சொந்தம் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமையை உண்டாக்கும் ஆவணம் அன்று என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. ஜமீன் நிலமாக இருந்து, 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, உழவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரிக்கு மாறிய ஊர்கள் இங்கே ஏராளம். அதன் மேல் 1980களில் யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம் வந்தது, வீட்டில் மூத்தவர் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போன பக்கங்கள் அதில் கணக்கில்லாமல் இருக்கின்றன. அந்தப் பிழைகளைத்தான் கணினி இன்று அழகான எழுத்தில் அச்சிட்டுத் தருகிறது. வில்லங்கச் சான்றும் அப்படித்தான்: பதிவான பரிமாற்றம் மட்டுமே அதில் தெரியும், தகப்பனார் இறந்ததும் பிள்ளைகளுக்கு இறங்கிய பங்கு அதில் தெரியாது.

சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரியல்லள். தலைமுறை தலைமுறையாக வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த பூமிக்கு வெயிலாவது வருமானம் தரட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். என் பிணக்கு வேறு. சூரிய ஒளி மின்திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. ஆகவே கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. அரசு நிலம் எடுத்தால் 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் நிலமற்றவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். தனியார் குத்தகையில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஆட்டுக்கிடை போட்டவரும், விறகு வெட்டிக் கரி சுட்டவரும் எந்தப் பத்திரத்திலும் தரப்பினர் இல்லை. அப்படியானால் ஊரின் பேச்சு ஏறக்கூடிய ஒரே இடம் அந்தக் குத்தகைப் பத்திரம்தான். அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலி போட்ட பிறகு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைபட்டது என்று மனு எழுதச் சொல்லி வருகிறீர்கள்.

வரத்துக்கால் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றிப் பெருமை பேசும் மாவட்டம் இது. நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகையில் சரிவில் ஊர்ந்து வரும் தண்ணீரில்தான் நிறைகின்றன. அந்தத் தண்ணீர் பல இடங்களில் பட்டா நிலத்தின் மேலேயே ஓடிவரும். ஆழமில்லாத அந்த ஓடைகள் எல்லாம் புலப்படத்தில் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. நிலத்தைச் சமன்படுத்திச் சுற்றிக் கரை போட்டால் கீழே இருக்கும் ஊருணி வறண்டுபோகும். தண்ணீர் எந்தத் திசையில் வருகிறது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைபடமாகப் போட்டுப் பத்திரத்தோடு இணைத்து, அதை மறிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். நிலத்தில் பனை இருந்தால் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதைத் தரகர் சொல்ல மாட்டார்.

குத்தகையின் முடிவைப் பற்றிய நிபந்தனையை யாரும் கேட்பதே இல்லை. பேனலின் ஆயுளைப் பொதுவாக 25 ஆண்டு என்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியையும், இரும்புக் கால்களையும், கான்கிரீட் அடித்தளத்தையும் யார் எடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உற்பத்தியாளர்கள் 2034-35 வரை சேரும் கழிவைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இந்தப் பொறுப்பு உற்பத்தியாளருக்கு. உங்கள் பத்திரத்தில் இருக்கும் நிறுவனம் பெரும்பாலும் அந்த ஒரு திட்டத்துக்காக மட்டும் தொடங்கப்பட்டது. நிலத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித்தர வேண்டும் என்று 108ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். 30 ஆண்டு கழித்து அந்த நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தால் உங்கள் பேரன் 108ஆம் பிரிவை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவான்? அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்ட ஓரிடத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து, பவர் எழுதிக்கொடுக்காதீர்கள். பதிவுக்கு அலைய வேண்டாம் என்று சொல்லித் தரகர் பெயருக்குப் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டு போவதுதான் இப்போது வழக்கமாகியிருக்கிறது. அலையுங்கள், ஒருநாள் கூலி போகட்டும். முழுப் பத்திரத்தின் தமிழ் வடிவத்தைக் கையில் வாங்கி, குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் வைத்திருங்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், முதல் பக்கத்தை மட்டும் அல்ல. வாடகை எந்தத் தேதியில் தொடங்கும் என்று நாள், மாதம், ஆண்டோடு எழுதாத பத்திரத்தில் பேனாவை வைக்காதீர்கள். நாளை கடைசி நாள், பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்து ஊருக்கு ஒரு பேருந்து பிடித்துப் போய்க் கேளுங்கள். இது பெரிய சட்ட அறிவு வேண்டிய வேலையன்று. வழக்கறிஞரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன் வந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். போட்ட பிறகு வந்தால் என்னுடைய ஜூனியருக்குத் தலை நரைக்கும்.

பெரியவரின் வழக்குக்கு வருகிறேன். அந்த 4 ஏக்கரும் அவருடைய தகப்பனாருடையது. தகப்பனார் உயில் எழுதாமல் 1970களில் இறந்திருக்கிறார். ஒரு தங்கை இருக்கிறார், திருவாடானைப் பக்கம் கட்டிக்கொடுத்தது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956லேயே தகப்பனாரின் தனிச்சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்துவிட்டது. பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருந்ததால், குத்தகைப் பத்திரத்தில் தங்கையிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அண்ணன் எழுதிக்கொடுத்த குத்தகை தங்கையின் பாதியைக் கட்டுப்படுத்தாது. தங்கை பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், நிறுவனம் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வர வாய்ப்பிருக்கிறது. இப்போதைக்கு எனக்குத் தெரியும் ஒரே வழி அதுதான். தங்கையை அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். முன்பணம் வாங்கியதை இந்த நான்கு ஆண்டுகளில் அவர் தங்கையிடம் சொல்லவே இல்லையாம். திங்கட்கிழமை திருவாடானைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லி, மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போனார்.