அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள்

என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் போன மாதம் காலமானார். தொலைத்தொடர்பு வசதி எல்லோருக்கும் கிடைக்கிறதா, கிடைக்காதவர்கள் யார், ஏன் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அன்று இரவே மரண அறிவிப்பு புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் வந்துவிட்டது. பூ வேலைப்பாடு, அவருடைய முகம், கீழே தகன நேரமும் வீட்டு முகவரியும். எல்லாம் ஒரே படம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஓர் அண்ணனுக்கும் அது போனது. அவருக்குப் பார்வை கிடையாது. அக்காவின் ஆய்வுகளுக்குப் பல வருடம் கூடவே நின்று உதவியவர். அவருடைய கைப்பேசி ‘படம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறது. வழக்கமாக வரும் காலை வணக்கப் படம் என்று நினைத்து விட்டுவிட்டார். பிறகு வந்த இரங்கல்களில் பாதி, கும்பிடும் கைகள்தான். திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அவற்றையும் பெயர் சொல்லிப் படிக்கும். பத்துக் கை போட்டால் பத்தையும் அவர் கேட்க வேண்டும். யார் போனார் என்று அவருக்குத் தெரிந்தபோது தகனம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. “எனக்கு ஏம்மா யாரும் சொல்லல?” என்று என்னிடம் கேட்டார்.

இணையத்தளங்களையும் செயலிகளையும் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிப்பது என் தொழில். திரையை இருட்டாக்கிவிட்டுக் காதை மட்டும் நம்பி வேலை செய்வதுதான் எங்கள் முதல் சோதனை. ஊரில் உள்ள நிறுவனங்களுக்கெல்லாம் போய்ச் சொல்கிறேன். எங்கள் குழுவுக்குள்ளேயே சொல்லத் தவறியிருக்கிறேன்.

“இப்பத்தான் போனே எல்லாத்தையும் படிச்சுக் காட்டுதே” என்கிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காட்டாது. நீங்கள் தட்டெழுதிய எழுத்தைத் திரைவாசிப்பான் படிக்கும். படத்துக்குள் இருப்பது உங்கள் கண்ணுக்குத்தான் எழுத்து, கைப்பேசிக்கு அது வெறும் நிறப்புள்ளிகள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. தெளிவான அச்சென்றால் ஓரளவு படிக்கும். பூவின் மேல் வளைத்துப் போட்ட அலங்காரத் தமிழில் தடுமாறும். வீட்டு எண்ணில் 6 என்பது 8 ஆகிவிட்டால் அவர் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பார்? அதோடு, அந்தச் செயலியைத் திறக்க, இந்தப் படத்தில் முக்கியமான ஏதோ இருக்கிறது என்று முதலில் அவருக்குத் தெரிய வேண்டுமே. நாளுக்கு நாற்பது படம் வரும் குழுவில் எதையென்று சோதிப்பார்?

மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலேயே அனைவருக்குமான சேவைக்கு இடம் உண்டு. அதற்கான நிதிக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தனி முறையில் கணக்கிட்ட தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் நாட்டுப்புறங்களில் கோபுரங்கள் எழும்பின, நல்லதுதான். கோபுரத்துக்குக் கீழே நிற்பவருக்கு வந்த செய்தி புரிந்ததா என்று அக்கா கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பார். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 30-ஆவது பிரிவு, தகவலும் தொடர்பும் அவர்களுடைய உரிமை என்கிறது. அதை எடுத்துக்காட்டாமல் அவர் ஓர் அறிக்கையும் முடித்ததில்லை.

ஆகவே கோயில் திருவிழாவோ, தமிழ்ப்பள்ளிப் பதிவோ, மரணச் செய்தியோ, படம் போடுங்கள், கூடவே நாலு வரி தட்டெழுதுங்கள். யார், என்ன, எப்போது, எங்கே. இரண்டு நிமிட வேலை. குரல்பதிவு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், காது கேளாதவரும் குழுவில் இருப்பார். கடிதத்தை ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக்கினாலும் அது படம்தான். பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டாதீர்கள், ஒருங்குறியில் (யூனிகோடு) இல்லாவிட்டால் திரைவாசிப்பான் அதை ஆங்கில எழுத்துகளாக உளறும். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து தயவுசெய்து வேண்டாம், மங்கலாகத் தெரிகிற வயதானவர்களுக்கு அதுவும் இல்லாமல் போகும். கும்பிடும் கை ஒன்று போதும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அறிவிப்பு தயாரானதும் அக்காவின் மகள் எனக்கு முதலில் அனுப்பினார். அதே பூ வேலைப்பாட்டுப் படம். கீழே நாள், நேரம், முகவரியைத் தட்டெழுதி எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது: “வரேன்மா. யாராவது என்ன ஏத்திட்டுப் போங்க.”